அம்மாவின் போனுக்குப் புதுப் பெட்டி

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு இன்டர்நெட் போன் பெட்டி போய்விட்டது. இடி வீட்டில் விழவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் எங்கேயோ இறங்கியது, கரண்ட் கம்பி வழியாக வந்த அடியில் மோடம் தப்பித்துக்கொண்டது, அதற்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டி மட்டும் செத்துவிட்டது. சரி, அதே மாதிரி ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்த்தால் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். கோயம்புத்தூர் கிராஸ்கட் ரோட்டில் கேட்ட கடைகளில் பாதிப் பேருக்கு அது என்ன பொருள் என்றே தெரியவில்லை, தெரிந்தவர்களும் "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க" என்றார்கள். இணையத்தில் பழசு கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கவேண்டாம் என்று ஏன் முடிவு செய்தோம், அதற்குப் பதிலாக என்ன வாங்கினோம், எப்படி மாட்டினோம் என்பதை எழுதிவைக்கிறேன். இந்தப் பக்கம் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நிறைய, யாருக்காவது உதவும்.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கரண்ட் பில் மலையாளத்தில் வரும், வீட்டிலும் கடைவீதியிலும் பேச்சு தமிழ்தான். எல்லைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே செல்போன் ஒரு இடத்தில் நிற்காது. திண்ணையில் கேரள டவரைப் பிடிக்கும், கிணற்றடிக்கு நடந்தால் தமிழ்நாட்டு டவருக்குத் தாவும், வீட்டுக்குள் நடு அறையில் இரண்டுமே இருக்காது. ஒரு காலத்தில் சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே ரோமிங் காசு கட்டியிருக்கிறோம். அந்தக் கட்டணம் போய்விட்டது, பேச்சு நடுவில் அறுந்துபோவது மட்டும் போகவில்லை. கேபிள்காரர் ஃபைபர் இழுத்துக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குள் நம்பிப் பேச முடிந்தது.

அண்ணன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அவர் வீட்டு மேசையில் ஒரு போன், இங்கே அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஒரு போன், இரண்டுக்கும் பின்னால் ஆளுக்கொரு பெட்டி. இதைத்தான் ஏடிஏ என்பார்கள். ஒரு பக்கம் சாதாரண டெலிபோன் வயரைச் செருக வேண்டும், இன்னொரு பக்கம் மோடத்திலிருந்து வரும் லேன் வயர். ரிசீவரை எடுத்தால் டயல் டோனைக் கொடுப்பது, பட்டனை அழுத்தினால் எண்ணைப் புரிந்துகொள்வது, அழைப்பு வந்தால் மணியை அடிப்பது என்று முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்த வேலை அத்தனையும் அந்தச் சின்னப் பெட்டி செய்கிறது. பிறகு பேச்சைத் துண்டு துண்டாக்கி இன்டர்நெட்டில் அனுப்பிவிடுகிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்கத் தோப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் வேலை செய்த கை, விரல் நுனி காய்த்துப்போய் டச் ஸ்கிரீன் அந்த விரலை உணர்வதே இல்லை. பச்சையைத் தள்ளப் போய் சிவப்பைத் தள்ளிவிடுவார், அண்ணன் மறுபடி அழைப்பார், மறுபடி அதே. ஒரு காதில்தான் நன்றாகக் கேட்கும். அந்தக் காதில் ரிசீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வயரைச் சுருட்டிக்கொண்டு பேசினால் அரை மணி நேரம் பேசுவார், செல்போனில் இரண்டு நிமிடத்தில் "சரி கண்ணு, வெச்சிர்றேன்" என்பார். வித்தியாசம் அவ்வளவு பெரிது. அம்மா யாருடைய உதவியும் இல்லாமல், நான் வீட்டில் இல்லாத நேரத்திலும், தானே எடுத்துத் தன் பெரிய மகனிடம் பேச முடிகிற ஒரே கருவி அந்தப் போன்தான். அதனால் அது செத்துக் கிடந்த நாட்களில் எனக்கு நிம்மதியே இல்லை.

இனி பெட்டி விஷயம். இந்தத் தொழிலில் கம்பெனிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். கொமோடோ என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது, 2000இல் சிஸ்கோ வாங்கியது, அவர்களுடைய பெட்டிதான் ஏடிஏ 186 என்று உலகம் முழுக்கப் போனது. பிறகு அந்தக் குழுவில் இருந்தவர்கள் சிபுரா என்று புதிதாகத் தொடங்கினார்கள், 2005இல் அதையும் சிஸ்கோவே வாங்கி லிங்க்சிஸ் பெயருக்குக் கீழே கொண்டுவந்தது. அடுத்து அவர்களே ஓபிஹாய் தொடங்கினார்கள். அதை 2018இல் பாலிகாம் வாங்கியது, அதே ஆண்டில் பாலிகாமை பிளான்ட்ரானிக்ஸ் வாங்கியது, இரண்டும் சேர்ந்து பாலி ஆனது, 2022இல் பாலியை எச்பி வாங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒரு பெட்டி பட்டியலிலிருந்து விழும். லிங்க்சிஸ் பிஏபி2டி எவ்வளவு வீடுகளில் ஓடியது, இன்று அது பழைய சாமான். சிஸ்கோ எஸ்பிஏ112, எஸ்பிஏ122 இரண்டும் நின்றுவிட்டன, அவற்றின் இடத்தில் ஏடிஏ 191, 192 வந்தன. ஓபிஹாயின் ஓபி200 வகையும் நின்றது, அவற்றை அமைக்க உதவிய ஓபிடாக் இணையதளம் 2024 இறுதியில் மூடப்பட்டது.

கம்பெனிகள் வாங்கும், விற்கும், மூடும், அதில் நாம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் நம் வீட்டுப் போன் அதோடு சேர்ந்து சாகவேண்டிய அவசியம் இல்லை. பெட்டிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, விற்கிறவருடைய சேவைக்கு மட்டுமே வேலை செய்யும். மேஜிக்ஜாக், ஊமா இரண்டும் அப்படி, பெட்டியும் அவர்களுடையது, சேவையும் அவர்களுடையது. பயன்படுத்துகிறவரைக்கும் சுலபம், ஆனால் சேவை நின்றால் பெட்டியை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. இன்னொன்று, எஸ்ஐபி என்ற பொது முறையில் பேசும் பெட்டி. இந்த முறை யாருடைய சொத்தும் கிடையாது, 2002இல் ஆர்எஃப்சி 3261 என்ற பொது ஆவணமாக வெளிவந்தது, யார் வேண்டுமானாலும் படித்துப் பெட்டி செய்யலாம், சர்வர் நடத்தலாம். அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு சேவை மூடினால் வேறு சேவையின் சர்வர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் மாற்றி எழுதினால் போதும், போன் மறுபடி பேசும்.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத்தான் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். எஸ்ஐபி என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அந்தப் பெட்டியின் செட்டிங்கை நாமே வீட்டுக்குள் உட்கார்ந்து மாற்ற முடியவேண்டும். சில பெட்டிகளை அமைக்கத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் நுழையவேண்டும், தளம் மூடிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கிற வரை ஓடும், ஒருமுறை ரீசெட் ஆனால் முன்பிருந்த சேவையை அதில் திரும்ப ஏற்ற வழி இருக்காது. எங்கள் பழைய பெட்டியின் கணக்கும் அப்படி ஒரு தளத்தின் வழியாகத்தான் போடப்பட்டிருந்தது. அதே மாடலை எங்கிருந்தோ பழசாக வாங்கி வந்தாலும் முன்பு இருந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது என்று தெரிந்தபோதுதான் பழசைத் தேடுவதை நிறுத்தினேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏதாவது சேவைக்காரர் கொடுத்துத் திரும்பி வந்த பெட்டி என்றால் பூட்டு போட்டே இருக்கும், பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கும், நமக்கு எந்தப் பயனும் இல்லை. வாங்கும் முன்பு "அன்லாக்டா?" என்று கேட்டு, ஆமாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தேடிப்பார்த்ததில் கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 சரியாக வந்தது. ஒரே ஒரு போன் செருகலாம். இரண்டு போன் வேண்டுமென்றால் எச்டி802. எச்டி813 என்று இன்னொன்று இருக்கிறது, அதில் போனுக்கு ஒரு துளை, வெளியிலிருந்து வரும் டெலிபோன் லைனுக்கு ஒரு துளை. பார்த்தால் அதுதான் வசதி என்று தோன்றும், ஆனால் நம் ஊரில் அதில் கவனம் வேண்டும். இந்தியாவில் இன்டர்நெட் போனை 2002 ஏப்ரல் 1ஆம் தேதி திறந்துவிட்டார்கள், இன்டர்நெட்டிலிருந்து இன்டர்நெட்டுக்குப் பேசுவதில் தடை இல்லை. வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வரும் அழைப்பை, உரிமம் இல்லாமல், இங்கே உள்ளூர் லைனிலோ சிம்மிலோ இறக்கி அடுத்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் குற்றம். 2021இல் கோழிக்கோட்டில் போலீஸ் பிடித்த கள்ள எக்ஸ்சேஞ்ச் அந்த வகை. அண்ணன் தன் அம்மாவிடம் பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இருந்தாலும் இரண்டு உலகத்தையும் ஒரே பெட்டியில் சேர்க்காமல் இருப்பது நல்லது என்று நினைத்தேன். உள்ளூர் அழைப்புக்கு ஃபைபர் மோடத்தின் பின்னாலேயே போன் துளை இருக்கிறது, அதில் ஒரு போன் தனியாக இருக்கட்டும். அமெரிக்கப் போன் தனியாக இருக்கட்டும். அம்மாவுக்கும் அது தெளிவாக இருக்கிறது, வெள்ளைப் போன் ஊருக்கு, சிவப்புப் போன் அண்ணனுக்கு.

மாட்டுவது சுலபம். போனையும் லேன் வயரையும் செருகி, கரண்ட் கொடுத்து, ரிசீவரை எடுத்து மூன்று முறை ஸ்டார் பட்டனை அழுத்தினால் ஒரு ஆங்கிலக் குரல் பேசும். பிறகு 02 அழுத்தினால் பெட்டியின் ஐபி முகவரியைச் சொல்லும். அதை அதே வைஃபையில் இருக்கிற லேப்டாப்பின் பிரௌசரில் அடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும். பழைய தயாரிப்புகளில் பாஸ்வேர்டு அட்மின் என்றே இருந்தது, புதியவற்றில் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கிறது. முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

அப்புறம் சர்வர். இரண்டு வீட்டிலும் பெட்டி இருக்கிறதே, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராக அழைக்கலாமே என்று அண்ணன் கேட்டார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் கேபிள்காரர் மாதிரி சின்ன நிறுவனங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஐபி முகவரி தருவதில்லை, பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தால் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்கள் வீடும் அப்படித்தான். வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி இல்லை. அதனால் நடுவில் ஒரு சர்வர் வேண்டும், இரண்டு பெட்டியும் அங்கே போய்ப் பெயரைப் பதிந்துகொண்டு காத்திருக்கும், அழைப்பு வந்தால் சர்வர் சேர்த்துவைக்கும். வாய்ப்.எம்எஸ், கால்சென்ட்ரிக் போன்ற இன்டர்நெட் போன் சேவைகள் சொந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இணைத்துக்கொள்ள விடுகின்றன. அண்ணன் அங்கே இருந்தபடி ஒரு கணக்கைத் தொடங்கி, அவர் பெட்டிக்கு ஒன்றும் அம்மாவின் பெட்டிக்கு ஒன்றுமாகத் துணைக் கணக்குகள் போட்டார்.

அவருடைய அமெரிக்க எண் கூகுளின் போன் சேவையான கூகுள் வாய்ஸில் இருந்தது. பல வருடப் பழைய எண், அங்குள்ள டாக்டர், பள்ளிக்கூடம், சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதுதான் இருக்கிறது, அதை விட முடியாது என்றார். விடவேண்டிய தேவையும் இல்லை. அமெரிக்காவில் எண்ணை வேறு சேவைக்கு மாற்றிக்கொள்ளலாம், கூகுள் வாய்ஸில் கிடைத்த எண் என்றால் வெளியே கொண்டுபோக 3 டாலர் கட்டி அன்லாக் செய்யவேண்டும். மாற்றம் முழுதாக முடியும்வரை பழைய கணக்கை மூடாமல் வைத்திருக்க வேண்டும், மூடிவிட்டால் எண்ணே போய்விடும். இன்னொன்றும் அவர் செய்தார், அதை வலியுறுத்திச் சொல்கிறேன். அங்கே வீட்டுப் போனாக இன்டர்நெட் போனை வைப்பவர்கள் 911 என்ற அவசர உதவிச் சேவைக்குத் தங்கள் வீட்டு முகவரியைப் பதிவு செய்யவேண்டும், 2005இலேயே அவர்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி இதைக் கட்டாயமாக்கியது. கூகுள் வாய்ஸின் சாதாரணக் கணக்கில் 911 கிடையாது. இப்போது அவர் வீட்டுப் போனில் அது கிடைக்கிறது, குழந்தைகள் இருக்கிற வீடு.

இதன் மறுபக்கம் நம் வீட்டில் இருக்கிறது. அதே கணக்கின் கீழே இங்கே ஒரு பெட்டி இருப்பதால், யாராவது விளையாட்டாக இங்கிருந்து 911 அழுத்தினால் நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும். அதனால் இந்தப் பெட்டியில் வெளி எண் எதையும் அழுத்த முடியாதபடி வைத்துவிட்டோம். நமக்கு அவசரம் என்றால் 112, அதற்கு வெள்ளைப் போனும் செல்போனும் இருக்கின்றன. சிவப்புப் போன் பக்கத்துச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த வசதி இனிமேல்தான் வருகிறது. அந்தச் செட்டிங் பக்கத்தில் ஆஃப்ஹூக் ஆட்டோ டயல் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அண்ணன் பெட்டியின் எண்ணை எழுதிவிட்டால், ரிசீவரை எடுத்தாலே போதும், பட்டன் எதையும் தொடவேண்டியதில்லை, நேராக நியூ ஜெர்சியில் மணி அடிக்கும். முன்பு அம்மா எண் எழுதிய அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்துவார், நடுவில் ஒன்று தப்பினால் முதலிலிருந்து. இப்போது எடுத்தார், பேசினார், வைத்தார். நேரக் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்தேன், இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. காலைக் காப்பி குடித்ததும் எடுப்பது என்று பழக்கமாகிவிட்டது.

குரல் தரத்துக்கு, பேச்சை டிஜிட்டலாக மாற்றும் முறைகளில் ஜி.711 என்பதை முதலில் வைத்தேன். சாதாரண லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்சுகள் பயன்படுத்திய அதே தரம்தான், ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 80 கிலோபிட் ஆகும். ஒரு மணி நேரம் பேசினாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 72 எம்பிதான், இன்றைய ஃபைபருக்கு அது ஒன்றுமே இல்லை. ஜி.729 குரலை அதில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கும், ஆனால் காது மந்தமான ஒருவருக்கு அந்தச் சுருங்கிய குரல் புரிவதில்லை. செட்டிங்கில் கெயின் என்ற இடத்தில் கேட்கும் ஒலியையும் கொஞ்சம் உயர்த்தினேன். அதிகம் உயர்த்தினால் அண்ணனுக்கு அவர் குரலே எதிரொலியாகத் திரும்பி வரும், அதனால் ஒவ்வொரு படியாக ஏற்றி, அவரைக் கேட்டுக்கொண்டே வைக்கவேண்டும்.

தாமதம் வேறு விஷயம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ சொல்கிறது. ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், கொச்சியிலோ சென்னையிலோ கடலில் இறங்கி நியூ ஜெர்சி வரை போவதற்கே அந்தக் கணக்கில் பெரும்பகுதி செலவாகிவிடும். அதனால் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது முக்கியம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிற சர்வரைத் தேர்ந்தெடுத்தால் குரல் தேவையில்லாமல் ஒரு கண்டத்தையே தாண்டிப் போய்த் திரும்பும். நியூயார்க் சர்வரை வைத்தபோது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி முட்டிக்கொள்வது குறைந்தது.

மோடத்தில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ஒன்று இருக்கும், உதவி செய்வதாகப் பெயர், பல மோடங்களில் அது அழைப்பைக் குழப்பிவிடுகிறது. மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் என்றால் முதலில் இதை அணைத்துப் பாருங்கள். பெட்டியில் கீப் அலைவ் என்பதை இயக்கி வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் இணைப்பை நடுவில் மூடிவிடுவார்கள், அம்மா எடுத்தால் போகும், அண்ணன் அழைத்தால் வராது.

அடுத்த பிரச்சினை அம்மாவே கண்டுபிடித்தது. "மணி அடிக்குது கண்ணு, ஆனா யாருன்னு நம்பரே வரமாட்டேங்குதே" என்றார். போனின் சின்னத் திரை வெறுமையாக இருந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றபடி அமைந்து வரும் பெட்டிகள் அழைப்பவர் எண்ணை பெல்கோர் முறையில் அனுப்பும், நம் ஊர் லேண்ட்லைன் போன்களில் நிறைய டிடிஎம்எஃப் முறையை எதிர்பார்ப்பவை. காலர் ஐடி ஸ்கீம் என்ற இடத்தில் அதை மாற்றியதும் எண் வந்துவிட்டது. அழைக்கப்போவது ஒரே ஒரு ஆள், இருந்தாலும் எண் தெரிந்தால்தான் அம்மா எடுப்பார்.

மணிச் சத்தம் மெலிந்து கேட்டதற்கு வழி சொன்னவர் பக்கத்துத் தோப்பு மாமா. கஞ்சிக்கோடு ஐடிஐ தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் பெங்களூரில் 1948இல் தொடங்கியது, அதன் பாலக்காட்டுக் கிளை எழுபதுகளில் வந்தது, எக்ஸ்சேஞ்ச் கருவிகள் செய்த இடம். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தச் சம்பளம்தான் வீடு கட்டிக்கொடுத்தது. மாமா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்சேஞ்ச் லைனில் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்க 75 வோல்ட் ஏசி அனுப்புவோம், அதை இந்த உள்ளங்கை அளவு பெட்டி 5 வோல்ட்டிலிருந்து செய்கிறதா என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "தம்பி, இதால ரொம்ப மணி இழுக்க முடியாது. ஒரே லைன்ல ரெண்டு மூணு போன் போட்டிருக்கீங்களா பாருங்க" என்றார். ஆமாம், சமையலறையில் பழைய டப்பா போன் ஒன்று அதே வயரில் இணையாகத் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே நிஜ மணி உள்ள போன், அதுதான் சக்தியை எல்லாம் இழுத்தது. கழற்றியதும் அம்மா அறையில் மணி பழையபடி கணீரென்று அடித்தது. சுழற்றும் டயல் உள்ள போன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும், பெட்டியில் பல்ஸ் டயலிங் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், எல்லாப் பெட்டியிலும் இருக்காது. மாமா வீட்டில் அப்படி ஒரு கறுப்புப் போன் இன்னும் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது.

நள்ளிரவு மணி பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அது சின்ன விஷயம் கிடையாது. இரண்டு மணிக்குப் போன் அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அண்ணன் வீட்டில் இப்படி அடித்தது, எடுத்தால் சத்தமே இல்லை, திரையில் 100, 1001 என்று ஏதோ எண். இன்டர்நெட்டில் திறந்திருக்கும் எஸ்ஐபி கருவிகளைத் தேடிக்கொண்டே இருக்கும் புரோகிராம்கள் 5060 என்ற கதவைத் தட்டுவதுதான் அது. சர்வரிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்றுக்கொள் என்று பெட்டியில் ஒரு தேர்வு இருக்கிறது, அதை ஆம் என்று வைத்ததும் நின்றுவிட்டது. அம்மாவின் பெட்டியில் முதல் நாளே அதைச் செய்துவிட்டேன்.

கரண்ட் போனால் இதெல்லாம் இறந்துவிடும், பழைய செம்புக் கம்பி போன் மாதிரி எக்ஸ்சேஞ்சிலிருந்து கரண்ட் வராது. ரௌட்டருக்கு விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி மோடத்தையும் பெட்டியையும் அதில் மாட்டியிருக்கிறேன். மோடம் 12 வோல்ட், இந்தப் பெட்டி 5 வோல்ட், பின்னை மாற்றிச் செருகினால் பெட்டி கருகிவிடும், அதனால் வயரில் கலர் டேப் சுற்றி வைத்தேன். யுபிஎஸ் இடிக்குக் காவல் கிடையாது. ஃபைபர் வழியாக இடி அடி வராது, கரண்ட் வழியாக வரும், ஆகவே ஐப்பசியில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழற்றிவிடுவது ஒன்றுதான் வழி. நான் இல்லாதபோது அம்மா கழற்றுகிறார், அதற்காக ஸ்விட்ச் போர்டைக் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கி வைத்தோம்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் செட்டிங்கை ஃபைலாகப் பதிவிறக்கி ஒரு பிரதியை என் லேப்டாப்பிலும் ஒன்றை அண்ணனிடமும் வைத்தோம். சர்வர் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, கெயின் அளவு, காலர் ஐடி முறை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் கையால் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். கூடவே இன்னொரு எச்டி801 வாங்கி, அதே ஃபைலை ஏற்றிப் பேசிப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அடுத்த இடியில் இது போனாலும் வயரை மாற்றிச் செருகினால் பத்து நிமிடத்தில் அம்மா பேசலாம், நாளை இந்த மாடலை நிறுத்தினாலும், அந்தச் சேவையே மூடினாலும், நோட்டில் இருக்கிற மூன்று வரியை மாற்றினால் வேறு யாருடைய பெட்டியிலும் இதே போன் ஓடும்.

மீனாட்சிபுரத்தில் பெரியம்மா இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்கிறார். அவருடைய மகன் துபாயில் இருக்கிறான். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது, அனுமதி பெற்ற ஆப்கள் வழியாக மட்டுமே இன்டர்நெட்டில் பேசலாம். அதனால் அவன் பக்கம் இப்படி ஒரு பெட்டியை வைக்கச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அவன் அங்கே அனுமதி உள்ள வழியில் பெரியம்மாவின் லேண்ட்லைனுக்கு அழைப்பதுதான் சரி, அதற்கு அவர் வீட்டு மோடத்தின் பின்னால் இருக்கிற போன் துளையே போதும், ஏடிஏ தேவையே இல்லை. பெரிய பட்டன் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அந்தத் துளையைக் கேபிள்காரர் இன்னும் திறந்துவிடவில்லை, அவரிடம் சொல்லியிருக்கிறேன்.